காலடியில் கோடை

தென் கொரியாவின் சுவோன் நகரில் அன்று இரவு மைனஸ் 12 டிகிரி. டாக்ஸியிலிருந்து இறங்கி அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாசலுக்குப் போவதற்குள் மூக்கு இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது, ஆனால் யாரோ ஒருவருடைய மூக்காக இருந்தது. அக்கா மகன் கதவிலிருந்த எண்பூட்டைத் தட்டித் திறந்து, "ஷூவை இங்கயே கழட்டிடுங்க மாமா, சாக்ஸையும் கழட்டுங்க" என்றான். சாக்ஸையுமா? இந்தக் குளிரிலா? படித்த பையன் பெரியவனிடம் விளையாடுகிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்காலை உள்ளே வைத்தேன்.

தரை சூடாக இருந்தது! சுட்டுவிடும் சூடு இல்லை. மாசி மாதத்து வெயிலில் காலையெல்லாம் காய்ந்த மொட்டைமாடியில், சாயங்காலம் வடாம் எடுக்கப் போனால் காலில் ஏறுமே, அந்தச் சூடு. உள்ளங்காலில் தொடங்கிக் கெண்டைக்காலுக்கு வந்து, முட்டியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு நிதானமாக மேலே ஏறியது. பெட்டியைக்கூட உள்ளே இழுக்காமல் நடைவாசலிலேயே நின்றேன். "அப்படியே உட்காருங்க, எல்லாரும் முதல் நாள் அப்படித்தான்" என்றாள் அவன் மனைவி. உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் படுத்தும் விட்டேன்.

எங்கள் மூக்கண்டப்பள்ளியும் குளிர் தெரியாத ஊரல்ல. ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழியில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் குரங்குக் குல்லாவுக்குள் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போவார்கள். ஜூஜூவாடிப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகள் பனிமூட்டத்துக்குள் ஹாரன் அடித்தபடியே ஊரும். டீக்கடை வாசலில் அட்டைப்பெட்டியைக் கொளுத்திக் குளிர் காய்வார்கள். ஆனால் எங்கள் குளிருக்கு ஒரு வினோத குணம் உண்டு. வெளியே வெயில் ஏறிய பிறகும் வீட்டுக்குள் அது போகாது. முக்கியமாகத் தரையை விட்டுப் போகாது. பழைய காவித் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டிய பிறகு, விடிகாலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறார்கள். கொரியாவில் எல்லாம் தலைகீழ். வெளியே உயிர் போகிற குளிர். வீட்டுக்குள் மிகவும் இதமான இடம் தரைதான்.

அன்று ராத்திரி எனக்குக் கட்டில் தரவில்லை, தரையில் மெத்தை விரித்தார்கள். விருந்தாளியைத் தரையில் படுக்க வைப்பதா என்று முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. விடிந்தபோது, கட்டிலில் படுத்த அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். முதுகு வலி என்று பெங்களூரு விமானத்தில் ஏறியவன் நான். அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

சமையலறையில் இன்னொரு ஆச்சரியம். ஒரு மூலையில், தரையில், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. எட்டிப் பார்த்தால் இட்லி மாவு! ஓசூரில் டிசம்பர் வந்தால் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றி, சாமி படத்துப் பக்கத்தில் வைத்து, அப்படியும் காலையில் பொங்காமல் கல்லாக ஊற்றித் தின்றிருக்கிறோம். இங்கே, ஜன்னலுக்கு வெளியே பனிக்கட்டி தொங்குகிறது; உள்ளே மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. "மூலையில வெக்கணும். நடுவுல வெச்சா ரொம்பப் புளிச்சிடும், அங்க பைப் நெருக்கமாப் போகுது" என்றாள் அக்கா மகனின் மனைவி. தரைக்கடியில் குழாய் போகும் வழியை மாவு புளிக்கிற கணக்கில் தெரிந்து வைத்திருக்கிறாள்!

பைப் என்றதும் எனக்குள் இருந்த சிப்காட்காரன் விழித்துக்கொண்டான். டீயைக் கையில் பிடித்தபடி அக்கா மகனை, என் மாப்பிள்ளையை, பால்கனிக்கு இழுத்துப் போனேன். சுவரில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு காஸ் பாய்லர் தொங்கியது. வீட்டுக்கு ஒன்று. பித்தளையில் ஒரு பகிர்மானக் குழாய். அதிலிருந்து அறைக்கு ஒரு வால்வு. பாய்லர் தண்ணீரை 40 முதல் 60 டிகிரிக்குள் சுட வைக்கும். சின்ன பம்ப் ஒன்று அதைத் தரைக்கடியில் புதைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் தள்ளும். கான்கிரீட் தளம், அதன்மேல் வெப்பம் கீழே இறங்காமலிருக்க ஒரு தடுப்பு அடுக்கு, அதன்மேல் வளைந்து வளைந்து போகும் குழாய், அதை மூடிச் சுமார் 4 சென்டிமீட்டர் சிமென்ட் கலவை. சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிய தண்ணீர் பாய்லருக்கே திரும்பி வருகிறது. அவ்வளவுதான் விஷயம். விசிறி இல்லை, சத்தம் இல்லை, மூக்கைக் காய வைக்கும் அனல்காற்று இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கிற வெப்பத்தைக் காற்று சுமக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். கட்டைவிரல் தடிமன் குழாய் ஒரு வீட்டையே காப்பாற்றுவது அதனால்தான்.

சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. எல்லாம் கொரிய எழுத்து. அறைக் காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஓட்டுவதற்கு ஒரு பொத்தான், குழாய்த் தண்ணீரின் வெப்பத்தை வைத்து ஓட்டுவதற்கு இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று: 'வெளியே போயிருக்கிறேன்' பொத்தான்! வீட்டில் ஆள் இல்லை, ஆனால் குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாது. அந்த அளவுக்கு மட்டும் ஓடு என்று பாய்லரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வோம்.

மதியத்துக்குள் சியோல் போய்விட வேண்டும் என்று கிளம்பினோம். தெருவில் காற்று கன்னத்தில் அறைந்தது. ஆனால் அந்தக் காற்றிலும் ஒரு மணம் வந்தது: தகர உருளைக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுகிற மணம். பக்கத்திலேயே ஒருவர் இரும்பு அச்சில் மாவு ஊற்றி மீன் வடிவத்தில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். சைவமான நான் தயங்கினேன். "மீன் உருவம்தான் மாமா, உள்ளே பயறுப் பூரணம்" என்றான். கடித்தால் நம் சுழியம்! உதட்டைச் சுட்டுக்கொண்டு தின்றேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தால் பெஞ்சு சுடுகிறது. ரயிலில் உட்கார்ந்தால் இருக்கை சுடுகிறது. கழிப்பறையில் உட்கார்ந்தால்... அதுவும் சுடுகிறது. இந்த ஜனங்கள் நாட்டையே அடியிலிருந்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

சியோலில் கியோங்போக்குங் அரண்மனை, முதலில் 1395-ல் எழுந்தது. சிம்மாசன மண்டபத்தின் முன்னால் ஒரே கூட்டம், புகைப்படம், வாடகைப் பட்டுடை. எனக்கு மாப்பிள்ளை காட்ட நினைத்தது பின்னால், ராணியின் மாளிகையான கியோதேஜோனுக்குப் பின்புறம். அங்கே அமிசான் என்ற படிப்படியான சின்னத் தோட்டம்; அதில் அறுகோணமாக, செங்கல்லில், ஆளை விட உயரமாக நான்கு தூண்கள். ஓட்டுக்கூரைத் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கின்றன. உடம்பெல்லாம் கொக்கு, வௌவால், மூங்கில், பூக்கள். ஏதோ நினைவுச் சின்னம் என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன். புகைபோக்கி! அடுப்பு மாளிகையின் அடியில், புகை மண்ணுக்குள்ளேயே ஓடி வந்து இந்தத் தோட்டத்தில் வெளியேறியது. 1860களில் அரண்மனையைத் திரும்பக் கட்டியபோது எழுப்பியவை. புகை போகிற ஓட்டைக்கு இத்தனை அழகா!

இதுதான் ஒண்டோல். தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னால், பல நூற்றாண்டுகளாகக் கொரியர்களின் தரை இப்படித்தான் சூடேறியது. வீட்டின் ஒரு பக்கம், தரைமட்டத்துக்குக் கீழே அடுப்பின் வாய். அதில் விறகு எரிந்தால் மேலே சோறு வேகும். அனலும் புகையும் தரைக்கடியில் வரிசையாகக் கட்டிய கல் வாய்க்கால்கள் வழியே போய், எதிர்ப்பக்கப் புகைபோக்கியில் ஏறும். வாய்க்கால்களின் மேல் தட்டைக் கற்கள், அதன்மேல் களிமண் பூச்சு, அதன்மேல் எண்ணெய் ஏற்றிய காகிதம். அந்தக் காகிதத் தரை மஞ்சளாக மினுமினுப்பதைப் பார்த்தபோது, எங்கள் பழைய காவித் தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்த அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. ஒரே நெருப்பில் சமையலும் ஆயிற்று, படுக்கையும் ஆயிற்று. ஜிரிசான் மலையில் சில்புல்சா என்றொரு புத்தக் கோயில். அங்கே ஒரு அறைக்கு ஒரு தடவை தீ மூட்டினால் பல வாரம் சூடு தங்குமாம். கதையாகவே இருக்கட்டும், நம்பத்தான் ஆசையாக இருக்கிறது. 2018-ல் இந்தத் தரைச்சூட்டுப் பண்பாட்டையே கொரியா தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

அடுப்புக்கு அருகிலுள்ள தரைப்பகுதிதான் அறையிலேயே சூடானது. அது வீட்டில் மூத்தவருக்கு, அல்லது விருந்தாளிக்கு. வேலை முடிந்து நேரம் கழித்து வரும் அப்பாவுக்காகச் சோற்றுக் கிண்ணத்தை மூடி, அந்த இடத்தில் போர்வைக்கடியில் வைத்திருப்பார்களாம். இதை மாப்பிள்ளை சொன்னபோது கொஞ்சம் தொண்டை அடைத்தது. இரண்டாவது ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் வரும் அப்பாவுக்கு எங்கள் வீட்டிலும் சோறு மூடியிருக்கும், ஆனால் சில்லிட்டிருக்கும்.

எல்லாம் அழகு என்று சொல்லிவிட முடியாது. கொரியப் போருக்குப் பிறகு விறகுக்குப் பதில் நிலக்கரித் தூளை அழுத்திச் செய்த, ஓட்டை ஓட்டையான உருளை வந்தது. மலிவு, ஆனால் தரையில் ஒரு விரிசல் இருந்தால் போதும், கார்பன் மோனாக்சைடு மேலே கசியும். வாசனையே இல்லாத அந்த வாயுவில் தூங்கியவர்கள் தூங்கியபடியே போன வீடுகள் ஏராளம். புகையைத் தரைக்கடியிலிருந்து விரட்டிவிட்டுத் தண்ணீரை விட்டதற்கு வசதி மட்டும் காரணமில்லை.

அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் டோக்கியோவுக்கு வந்தபோது, ஒரு பிரபுவின் வீட்டிலிருந்த கொரிய அறைக்குள் போய் என்னைப் போலவே சொக்கிப் போனாராம். 1937-ல் விஸ்கான்சினில் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில், தளத்துக்கடியில் குழாய் பதித்துச் சூடேற்றினார். பெரிய மனிதர்களும் காலால்தான் கற்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

சாயங்காலம் ஜிம்ஜில்பாங். பொதுக் குளியலும் சூட்டறைகளும் சேர்ந்த இடம். "குளிக்கிற பகுதியில துணி கிடையாது மாமா, ஆண்கள் மட்டும்தான், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று முன்னெச்சரிக்கை தந்தான். யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் நான் எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூரையைப் பார்த்தே குளித்து முடித்தேன். பிறகு அரைக்கால் சட்டை, சட்டை, தலையில் செம்மறிக் கொம்பு மாதிரி சுருட்டிய துண்டு. பெரிய கூடத்தில் பாட்டியும் பேரனும் காதலர்களும் ஆபீஸ்காரர்களும் சூடான தரையில் வரிசையாகக் கிடக்கிறார்கள். களிமண் அறை, உப்பு அறை, உள்ளே போனால் இமை சுடுகிறது. பக்கத்திலேயே ஒரு பனி அறை. சுடச்சுட வெந்து, ஓடிப்போய்க் குளிர்ந்து, திரும்ப வேகிறார்கள். இனிப்பான அரிசிப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "சரி மாப்ளே, தரையில சுடுதண்ணி விட்டா குளிர்காலம் சமாளிச்சாச்சு. ஜூலையில அதே குழாயில ஜில்லுன்னு தண்ணி விட்டா ஏசியே வேணாமே?"

"தரை வேர்த்துடும் மாமா" என்றான்.

அந்த ஒரு பதிலில்தான் மொத்த சூட்சுமமும் இருந்தது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடியும்வரை அங்கே அடைமழைக் காலம். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். 27 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 23 டிகிரி சொச்சத்துக்குக் கீழே எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். தரையை 20-க்குக் கொண்டுபோனால் வீடு முழுக்க வழுக்கும், பூசணம் பிடிக்கும். இதில் ஒரு வேடிக்கை: இப்போதைய காஸ் பாய்லர்கள், புகையிலுள்ள நீராவியை உள்ளேயே வேர்க்க வைத்து, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. தரைச்சூட்டுக்குக் கொதிநீர் வேண்டாம் என்பதால் ஆறித் திரும்பி வரும் தண்ணீர், அதற்குத் தோதாக அமைகிறது. ஜனவரியில் பாய்லருக்குள் வேர்த்தால் லாபம். ஜூலையில் தரையில் வேர்த்தால் வினை.

அப்படியானால் இரண்டையும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ப்பது? பதிலை அடுத்த நாள் பார்த்தேன். மாப்பிள்ளையின் பேராசிரியர் நகரத்துக்கு வெளியே தனி வீடு கட்டியிருந்தார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டை விட எனக்கு அவர் வீட்டு இயந்திர அறைதான் விருந்து. வெளியே ஏசி மாதிரி ஒரு பெட்டி, ஹீட் பம்ப். வெளிக்காற்றிலிருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி, உள்ளே தண்ணீருக்குக் கொடுக்கிறது. சுற்று திரும்பினால் அதே பெட்டி தண்ணீரைக் குளிர வைக்கிறது. நடுவில் ஒரு தொட்டி, பிறகு ஒரு மூன்று வழி வால்வு. அதன் முள் அன்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது: 35 டிகிரி சொச்சத்தில் தண்ணீர் தரைக்குப் போகிறது. கோடையில் முள் மேலே திரும்பும்: 7 டிகிரித் தண்ணீர் கூரையிலுள்ள விசிறிச் சுருளுக்குப் போகும். வேர்வை அங்கேதான் விழும். அதை ஏந்த அடியில் ஒரு தட்டும், வெளியே விட ஒரு குழாயும் உண்டு. சூடு கீழிருந்து, குளிர்ச்சி மேலிருந்து. இயந்திரம் ஒன்று, வழி இரண்டு. பேராசிரியர் பெருமையாக முள்ளைக் காட்ட, நான் குனிந்து நமஸ்காரம் போட, அவரும் பதிலுக்குக் குனிய, இருவரும் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டே இருந்தோம்.

"குளிர்ந்த தரையும் இருக்கு, நீங்க வரும்போதே அது மேல நடந்துதான் வந்தீங்க" என்றார் அவர். நான் பாங்காக் வழியாக வந்திருந்தேன். 2006-ல் திறந்த சுவர்ணபூமி விமான நிலையத்தின் முனையத்தில் தரைக்கடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. கண்ணாடி வழியாக விழும் வெயிலைத் தரை அப்படியே வாங்கித் தண்ணீரிடம் ஒப்படைத்துவிடும். காற்றை முதலில் உலர்த்தி, ஆள் உயரத்துக்கு மட்டும் பரப்புவதால் தரை வேர்ப்பதில்லை. மேலே கூரையடியில் எவ்வளவு சுட்டாலும் யாருக்கு என்ன? திரும்பி வரும்போது பாங்காக்கில், ஷூ லேஸ் கட்டுகிற பாவனையில் உள்ளங்கையைத் தரையில் அழுத்திப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. காவலர் ஒருவர் அருகில் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம், ஹைதராபாத்திலேயே இருக்கிறதே. அங்கே இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011-ல் ஒரு கட்டிடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி, மறுபாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் என்று போட்டிக்கு விட்டார்கள். குழாய்ப் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகத் தின்றது. அங்கேயும் உள்ளே விடும் காற்றைத் தனியாக உலர்த்துகிறார்கள். எங்கள் ஓசூரின் மார்ச், ஏப்ரல் வறட்டு வெயிலைப் பார்க்கும்போது, நமக்குச் சூடான தரையை விடக் குளிர்ந்த கூரைதான் அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐப்பசி மழையில் பம்பை நிறுத்திவிட்டுப் போர்வையை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. வந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வீடு முழுக்க வேண்டாம், அம்மாவின் அறைக்கு மட்டும், பத்துக்குப் பன்னிரண்டு. சுமார் 55 மீட்டர் குழாய், மொட்டைமாடியில் ஏற்கெனவே இருக்கும் சோலார் ஹீட்டரிலிருந்து ஒரு இழுப்பு, ஒரு சின்ன பம்ப். அவர் தரையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"லீக் ஆனா சார்?"

"தரைக்கடியில ஜாயின்ட்டே வராது. ஒரே குழாய். மூடறதுக்கு முன்னாடி பிரஷர் ஏத்தி ஒரு நாள் விட்டுப் பார்ப்பாங்க."

"சரி. எலெக்ட்ரீஷியன் வந்து கட்டில் பக்கத்துல டிரில் போட்டா?"

நான் கொரியா, பாங்காக், ஹைதராபாத் என்று தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே டேப்பை எடுத்து நிலைப்படியிலிருந்து அளந்தார். தடுப்பு அடுக்கும் பூச்சும் சேர்ந்து மூணு இஞ்ச் ஏறுமாம். பிறகு கதவைத் திறந்து மூடி, அடிப்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார்.

"கதவை அறுக்கணும் சார். தேக்கு. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் கீழ நிக்கிறேன்."